சில்வெஸ்ரர் சொல்லாமல் விட்ட இரைச்சல்

ஊர்காவற்றுறையில் இரண்டு சில்வெஸ்ரர்கள் இருந்தார்கள். ஒருவரிடம் வலை இருந்தது, மற்றவரிடம் ஒலிபெருக்கி இருந்தது. இது ஒலிபெருக்கிச் சில்வெஸ்ரரின் கதை. கோயில் பெருநாள், கலியாணம், செத்தவீடு, தேர்தல் கூட்டம் என்று எது நடந்தாலும் தீவுப்பகுதியில் முதலில் அவருக்குத்தான் போன் போகும். லான்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு இயந்திரத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, வழியெல்லாம் யாருக்காவது கை காட்டியபடி வந்து சேருவார்.

தகப்பன் கடற்றொழிலாளி. சில்வெஸ்ரருக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினால் சத்தி எடுப்பார். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது அவருக்கு ஏழு வயது. பிறகு வன்னியில், கூரைக்குப் பதிலாகத் தறப்பாள் கட்டியிருந்த ஒரு தேவாலயத்தில், நாலு நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு கிற்றாரைக் கண்டார். மற்ற இரண்டுக்கும் சைக்கிள் பிரேக் கம்பியின் இழையைப் பிரித்துக் கட்டி வாசிக்கத் தொடங்கியவர், இருபது வயதாகும்போது யார் எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் கூடவே ஓடிப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஊர் திரும்பி ஒலிபெருக்கித் தொழில் தொடங்கிய பிறகும் அந்தப் பெயர் நின்றது. தீவுப்பகுதியில் கிற்றார் என்றால் சில்வெஸ்ரர். அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது மறுத்ததும் இல்லை.

நாரந்தனைக் கஜாலினி அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது இரண்டாயிரத்துப் பதினாலில். வேலணையில் கணக்கு ரீச்சராக வேலை கிடைத்த புதிது. பாடசாலை விழாவில் பாடினாள். குரல் பெரிய குரல் இல்லை, மேலே போனால் கீறும். ஆனால் அவள் பாடும்போது கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். சில்வெஸ்ரர் அதைக் கவனித்தார். அடுத்த இரண்டு வருடம் இருவரும் இன்னும் மூன்று பேரும் ‘சோளகம்’ என்று ஒரு குழு வைத்துக் கலியாண வீடுகளில் சினிமாப் பாட்டும் ஆடுவதற்குப் பைலாவும் பாடினார்கள். பிறகு ஒருவன் கனடா போனான், ஒருவன் கட்டார் போனான், குழு கலைந்தது. சில்வெஸ்ரர் அப்படித்தான் நினைத்திருந்தார்.

இருபத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் பின்னேரம் கஜாலினி அவருடைய வீட்டுக்கு வந்தாள். சில்வெஸ்ரர் ஒரு பழைய ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“அண்ணை, நான் அல்பம் ஒண்டு செய்யப்போறன். என்ர பாட்டுகள்தான். றொக் மாதிரி, ஆனால் கத்துற றொக் இல்லை. பள்ளிக்கூட லீவுக்கை முடிக்க வேணும்.”

சில்வெஸ்ரர் கையிலிருந்த எண்ணெயைச் சீலைத்துண்டில் துடைத்தார். ஓம் என்று சொல்வதற்கு வாய் தயாராக இருந்தது.

“உங்கட சின்ன அம்ப் வேணும். மைக் ஸ்ராண்ட் நாலு. வயர் எல்லாம் நீங்கள்தான் பாத்து இழுத்துத் தரவேணும், வேறை ஆரையும் நம்ப ஏலாது” என்றாள் கஜாலினி.

அவர் சீலைத்துண்டை மடித்து வைத்தார். பிறகு, “கிற்றார் ஆர்?” என்று கேட்டார்.

“கோபிசங்கர் எண்டு ஒருத்தர். நயினாதீவு ஆக்கள். பிரான்சில வளந்தவர். றெக்கோட் பண்ணுறதும் அவர்தான். நெற்றில என்ர பாட்டைக் கேட்டிட்டு அவராய்த்தான் எழுதினவர்.”

“நல்லது” என்றார் சில்வெஸ்ரர்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் மீன்குழம்பில் உப்புக் கூட என்றார். மனைவி கத்தரீனா ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். உப்பு அளவாகத்தான் இருந்தது.

றெக்கோட்டிங்குக்கு எடுத்தது நாரந்தனையில் ஆளில்லாத ஒரு கல்வீடு. சொந்தக்காரர் லண்டனில். ஊரைவிட்டுப் போனவர்களின் ஏழு வீட்டுத் திறப்புகள் கஜாலினியின் தாய் சத்தியபாமாவிடம் ஒரு சாவிக்கொத்தாக இருந்தன. மாதம் ஒருமுறை போய்த் திறந்து, கூட்டி, கறையான் பார்த்துப் பூட்டிவிட்டு வருவாள். அவற்றில் பெரிய விறாந்தையும் உயரமான கூரையும் உள்ள வீட்டை மகளுக்குத் திறந்துவிட்டாள்.

அந்த வீடு சில்வெஸ்ரருக்குத் தெரிந்த வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னர் லண்டன்காரர் தாயின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தபோது பந்தலும் லைற்றும் அவர்தான் போட்டவர். மெயின் போட்டிலிருந்து நிலத்துக்குப் போகும் எர்த் கம்பி, கிணற்றடியில் உப்புக்காற்றில் தின்னப்பட்டு அறுந்து கிடந்ததை அன்றைக்கே கண்டவர். வீட்டில் ஆக்கள் நின்ற நாலு நாளுக்கு மட்டும் வேறு கம்பி இழுத்துச் சமாளித்தார். வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் பார்க்கலாம் என்றார், விமானம் ஏறினார்.

முதல் நாள் கோபிசங்கர் தன் கிற்றாரைச் சில்வெஸ்ரரின் அம்பில், ஒலியைப் பெருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில், செருகியதும் இரைச்சல் வந்தது. பெரிய இரைச்சல் இல்லை. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல அடியில் ஒரு ‘ம்’. அது அந்த அறுந்த எர்த்தால் வரும் இரைச்சல் என்று சில்வெஸ்ரருக்கு உடனே விளங்கிவிட்டது.

கோபிசங்கர் இருபத்தொன்பது வயதுப் பொடியன். மெலிந்தவன், செருப்பை வாசலில் ஒழுங்காகச் சோடி சேர்த்துக் கழற்றி வைப்பவன். சில்வெஸ்ரரின் பக்கம் திரும்பி மரியாதையாகத்தான் கேட்டான்.

“அண்ணை, இந்தச் சத்தம் எதாலை? கறன்ரில ஏதும் பிழையோ?”

கம்பியும் சுத்தியலும் லான்ட்மாஸ்ரரில் கிடந்தன. அரை மணித்தியால வேலை.

“பழைய அம்ப். அது அப்பிடித்தான் இரையும்” என்றார் சில்வெஸ்ரர்.

“அப்ப சரி. பிறகு கொம்பியூட்டரில துடைச்சு எடுக்கலாம்” என்றான் கோபிசங்கர். அவன் நம்பிவிட்டான். வெளியே சோளகக் காற்று ஓடுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரஜீபன் ட்றம்ஸை அடிக்கத் தொடங்கியதும் அந்த ‘ம்’ யாருக்கும் கேட்கவில்லை.

வயர் இழுத்து முடித்ததும் போயிருக்கலாம். ஆனால் சில்வெஸ்ரர் ஒவ்வொரு நாளும் போனார். மைக் சரியா பார்க்க, பியூஸ் போகுதா பார்க்க, தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. விறாந்தை யன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் லான்ட்மாஸ்ரரை விட்டு, அதன் சீற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது. கோபிசங்கர் கெட்டிக்காரனாக இருந்திருந்தால் அவர் பொறுத்திருப்பார். தன்னைவிட வேகமாக ஓடும் விரல்கள் என்றால், சரி, பிரான்சில் படித்தவன் என்று விட்டிருப்பார். ஆனால் அந்தப் பொடியன் வாசித்தது மிகக் குறைவு. ஒரு முழு வரிக்கு மூன்று சுரம். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் கஜாலினியின் கீறல் குரல் வந்து நிற்கும். சில்வெஸ்ரர் என்றால் அந்த இடத்தை நிரப்பியிருப்பார். பதினாறு சுரம் போட்டு, மேலே ஏறி, கீழே இறங்கி, கைதட்டு வாங்கியிருப்பார். இதுக்குப் பிரான்சிலிருந்து ஆள் வரவேணுமோ என்று நினைத்துக்கொண்டார். நினைத்து முடிக்கும்போதே அது பொய் என்று அவருடைய காது சொன்னது. காது அவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அந்த ஒரு கிழமை அவர் தன் காதை வெறுத்தார்.

நாலாம் நாள் ‘ஏழு திறப்பு’ என்ற பாட்டை எடுத்தார்கள். கஜாலினி தாயைப் பற்றி எழுதிய பாட்டு.

‘ஏழு வீட்டுத் திறப்பும் என்ர இடுப்பில,
எனக்கெண்டு திறக்க ஒரு கதவில்லை.’

அந்த வரிக்குப் பிறகு கோபிசங்கர் ஒரே ஒரு சுரத்தைத் தட்டி, அம்புக்கு முன்னால் கிற்றாரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தச் சுரம் அழியாமல், தன்னைத்தானே இழுத்துக்கொண்டு நீண்டது. குசினி வாசலில் நின்ற சத்தியபாமா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டு முகத்தைச் சேலையால் பொத்தினாள். சில்வெஸ்ரர் லான்ட்மாஸ்ரரை ஸ்ராட் பண்ணினார். அடுத்த தடவை எடுப்பதற்கு அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டி வந்தது. கஜாலினி யன்னலால் எட்டிப் பார்த்தாள். அவர் கையைக் காட்டிவிட்டு, இல்லாத ஒரு வேலைக்குக் கரம்பனுக்குப் போனார்.

“உங்களுக்கு எரியுது” என்றாள் கத்தரீனா, அன்று பின்னேரம் உடுப்புக் காயப்போட்டபடி.

“எனக்கென்ன எரிய? பாட்டா அது? ஆடவும் ஏலாது, அழவும் ஏலாது.”

“அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் போறியள்?”

அவர் பெட்டிகளைத் துடைக்கப் போனார். அவளும் பதிலுக்கு நிற்கவில்லை.

ஏழாம் நாள், கோபிசங்கர் கொழும்புக்குப் பஸ் ஏறவேண்டிய நாள், அவன் லப்ரொப்பில் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டான். ட்றம்ஸை நிறுத்திவிட்டுக் கிற்றாரை மட்டும் விட்டபோது அந்த ‘ம்’ விறாந்தை முழுவதும் நிறைந்தது. துடைத்துப் பார்த்தான். இரைச்சலோடு சேர்ந்து கிற்றாரின் அடிச் சத்தமும் போய், தகர டப்பாவைத் தட்டியது மாதிரி மிஞ்சியது. கிற்றார் உள்ள ஐந்து பாட்டிலும் அதே கதை.

“என்ர பிழை. முதல் நாளே அம்பை மாத்தியிருக்க வேணும்” என்றான் கோபிசங்கர்.

கஜாலினி நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு வருடம் சேர்த்த சம்பளமும் ஒரு லீவும் போய்விட்டன என்று அவள் சொல்லவில்லை. தலையை மட்டும் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சில்வெஸ்ரர் மைக் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோசம். ஒரு நொடிதான். பிறகு தன் பழைய அம்பை எல்லாரும் பார்த்த பார்வை வந்தது. அந்த அம்பில் ஒரு பிழையும் இல்லை. பதினாலு வருடம் தன்னோடு உழைத்த பொருள் தன் பொய்யால் கெட்ட பெயர் எடுத்து நிற்பதை அவர் பார்க்க வேண்டி வந்தது.

கோபிசங்கர் பாரிஸ் போய், வேலை முடிந்த நேரங்களில் ஐந்து பாட்டுக்கும் திரும்ப வாசித்து அனுப்பினான். கஜாலினி அதைப் பெரிய பெட்டியில் கேட்பதற்குச் சில்வெஸ்ரரிடம் கொண்டுவந்தாள். இரைச்சல் இல்லை. ஒரு தூசி இல்லை. கேட்டு முடிந்ததும் சில்வெஸ்ரர் பெட்டியை நிறுத்தினார்.

“சுத்தமாய்த்தான் கிடக்கு” என்றாள்.

“ஓம்.”

“ஆனால் ஆள் இல்லை.”

சில்வெஸ்ரர் பல மாதங்களுக்குப் பிறகு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். கத்தரீனா அதையும் கவனித்தாள்.

மார்கழி லீவு தொடங்கியபோது கஜாலினி திரும்ப வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள். “அண்ணை, நீங்கள் வாசிப்பியளே? அந்த வீட்டிலதான் எடுக்க வேணும். ட்றம்ஸும் குரலும் அந்த விறாந்தையில எடுத்தது. லப்ரொப் நான் பாப்பன். அம்புக்கு மட்டும் ஏதாவது வழி...”

“அம்ப் இல்லைப் பிள்ளை. வீட்டு எர்த்” என்றார் சில்வெஸ்ரர். அந்த வார்த்தை தன்பாட்டில் வெளியே வந்தது.

மறுநாள் காலையில் புதுச் செம்புக் கம்பியும் சுத்தியலும் கரிச் சாக்குமாக அந்த வீட்டுக்குப் போனார். மழை விட்டிருந்தது. கஜாலினி கூடவே கிணற்றடிக்கு வந்தாள். அவர் எங்கும் தேடவில்லை. சுவரோடு வயரைத் தொடரவும் இல்லை. நேரே கிணற்றுக்குப் பின்னால் போய், துணி தோய்க்கிற கல்லுக்கு அடுத்த கல்லைப் புரட்டினார். பச்சை பூத்து அறுந்த கம்பியின் நுனி அங்கே கிடந்தது.

குழி வெட்டி, கம்பியை அறைந்து, கரியைப் போட்டு மூடும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்கு முதல் நாளே தெரியும், என்ன?” என்றாள் பிறகு.

சில்வெஸ்ரர் கை கழுவ வாளியை எடுத்தார். தண்ணீர் அள்ளினார். கழுவினார்.

“ஓம்.”

“அவர் கேட்டவர். நானும் பக்கத்திலதான் நிண்டனான். நீங்கள் அம்ப் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“ஏன் அண்ணை?”

“அந்த இடத்தில நான் நிண்டிருக்க வேணும்.” குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “ரெண்டு வருசம் உம்மோட வாசிச்சனான். அல்பம் எண்டு வந்தோடன நீர் என்னட்டைக் கேட்டது மைக் ஸ்ராண்ட்.”

கஜாலினியின் முகம் சிவந்தது. அவர் அழுகையை எதிர்பார்த்தார். வந்தது கோபம்.

“நான் கேட்டனான்! பதினாறாம் ஆண்டு. நாலு பாட்டு எழுதிக்கொண்டு உங்கட வீட்டை வந்தனான். ‘ஏழு திறப்பு’ம் அதில ஒண்டு. நீங்கள் பாதியில நிப்பாட்டி, இதை ஆர் கேப்பினம், கலியாண வீட்டில இதைப் பாடினால் கல்லாலதான் எறிவினம் எண்டு சொன்னனீங்கள். எல்லாரும் சிரிச்சவை. நான் அதுக்குப் பிறகு பழக வரேல்லை. அது உங்களுக்கு ஞாபகம் இல்லையே?”

அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை. அதுதான் உண்மை. அன்றைக்கு ஏதோ சொல்லியிருப்பார், எல்லோரும் சிரித்திருப்பார்கள், பிறகு பைலா வாசித்திருப்பார்கள். குழு கலைந்தது கனடாவாலும் கட்டாராலும் என்று ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“இப்ப என்ன செய்ய?” என்று கேட்டார்.

“வாசியுங்கோ. எனக்கு வேறை ஆள் இல்லை” என்றாள் கஜாலினி. “மன்னிச்சிட்டன் எண்டு நினைக்க வேண்டாம். கோபிசங்கருக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்.”

ஐந்து நாள் வாசித்தார். முதல் இரண்டு நாள் ஒன்றும் சரிவரவில்லை. விரல்கள் பழைய பழக்கத்தில் ஓடின. ஒவ்வொரு முறையும் கஜாலினி நிறுத்தி, “கூடிப்போச்சு அண்ணை” என்றாள். அவருக்கு அந்தச் சொல் சாட்டையடியாக இருந்தது. மூன்றாம் நாள் கோபத்தில், சரி, ஒன்றுமே வாசிக்காமல் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நாலு வரியை விட்டார். ஐந்தாம் வரியில் ஒரு சின்னக் கோர்வையை மட்டும் போட்டார். தேவாலயத்தில் பிரேக் கம்பி நரம்பில் வாசித்த காலத்துச் சத்தம் அது. கஜாலினி நிறுத்தவில்லை. பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் லப்ரொப்பைத் தொடாமல் இருந்தாள்.

கோபிசங்கருக்குச் சொல்வதற்கு இன்னும் ஒரு கிழமை பிடித்தது. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் குரலாக அனுப்பினார். “தம்பி, அந்த இரைச்சல் அம்ப் இல்லை. எர்த். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லாமல் விட்டனான். உம்மில எனக்குப் பொறாமை. வேறை ஒண்டும் இல்லை.” அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. பின்னால் ரயில் சத்தம் கேட்டது. “அண்ணை, எனக்குக் கோபம்தான். இல்லையெண்டு சொல்லமாட்டன். அந்த வருசத்து லீவை அதுக்குத்தான் எடுத்தனான். ஆனால் கஜாலினி அனுப்பி நீங்கள் வாசிச்சதைக் கேட்டனான். அந்த அஞ்சாவது வரியிலை வாற துண்டு... அப்பிடி எனக்கு வராது. ராத்திரி முழுக்க எரிச்சலாய்க் கிடந்தது.”

சில்வெஸ்ரர் அந்தக் கடைசி வசனத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கத்தரீனா குசினியிலிருந்து, “காணும், அந்தப் பொடியன் களைச்சுப்போவான்” என்று சத்தம் வைக்கும்வரை கேட்டார்.

அல்பம் அடுத்த வருடம் வைகாசியில் ‘உவர்’ என்ற பெயரில் நெற்றில் வந்தது. ஒன்பது பாட்டு. நாலு பாட்டில், கிற்றார் சில்வெஸ்ரர் என்று போட்டிருந்தது. ‘ஏழு திறப்பு’க்கு மட்டும் கஜாலினி இரண்டையும் கேட்டுப் பார்த்து, கோபிசங்கர் முதல் வாசித்ததையே வைத்திருந்தாள், அந்த இரைச்சலோடு. தாய் அழுதது அதற்குத்தான் என்றாள். சில்வெஸ்ரர் சரி என்றார். வீட்டுக்குப் போய்த் தன் வாசிப்பை ஒருமுறை, அவனுடையதை ஒருமுறை என்று மாறி மாறிக் கேட்டார். அவள் எடுத்த முடிவு சரியென்று அவருடைய காது சொன்னது. அன்றைக்கும் குழம்பில் உப்புக் கூடியிருந்தது.

ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லோரும் அந்த ஒரு பாட்டைத்தான் பிடித்துக்கொண்டார்கள். லண்டனில், ரொறன்ரோவில், சுவிசில், தங்கள் பூட்டிய வீட்டுப் படத்தைப் போட்டு அதை ஓடவிட்டார்கள். மற்ற எட்டும் பரவாயில்லை என்று சொல்லப்பட்டன.

ஆவணியில் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் கஜாலினி பாடினாள். கோபிசங்கர் வரவில்லை. அதனால் ‘ஏழு திறப்பு’க்கும் சில்வெஸ்ரர்தான் நிற்க வேண்டி வந்தது. ஒரு மாதம் அந்த ஒரு சுரத்தைப் பழகினார். எவ்வளவு தூரத்தில் நின்றால் அது அழியாமல் நிற்கும் என்று விறாந்தையில் சோக்குக் கட்டியால் கோடு போட்டுப் பழகினார். அன்றைக்கு அது நின்றது.  தனக்குச் சொந்தமில்லாத ஒரு சத்தம் தன் கையிலிருந்து போய் அத்தனை பேரையும் பிடித்து வைத்திருப்பதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

முடிந்ததும் வேலணைப் பக்கத்து ஆள் ஒருவர் மேடைக்கு வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்தார். “அண்ணை, நெற்றில கேட்டு எத்தினை நாள் நித்திரை கொள்ளேல்லைத் தெரியுமே? அதுவும் நீங்கள் வாசிச்சதுதானே?”

கஜாலினி அப்பால் நின்று வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரவில்லை. ஆனால் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

“இல்லை. அது நயினாதீவுப் பொடியன், கோபிசங்கர் எண்டு பேர். நல்லா வாசிப்பான்” என்றார் சில்வெஸ்ரர்.

அந்த ஆள் தலையாட்டிவிட்டு இறங்கப் போனார். சில்வெஸ்ரர் அவருடைய தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“மற்ற நாலும் நான். ரெண்டாவது பாட்டில அஞ்சாவது வரியை ஒருக்கா வடிவாய்க் கேட்டுப் பாரும்.”